ஒகியாவுக்கு முன்னால் ஒரு வாக்குவாதம்

இலங்கைப் பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ரயில் போகாத இடத்துக்கு நானும் போவதில்லை. ஜீப்பில் விலங்குகளைத் துரத்திக்கொண்டு ஓடும் பயணங்கள் எனக்கு ஒட்டுவதில்லை. நின்ற இடத்தில் இறங்கவேண்டும், மரமும் பறவையும் பார்த்து நடக்கவேண்டும், அடுத்த ரயில் வந்தால் ஏறவேண்டும்.

வரைபடத்தை விரித்தால், தண்டவாளம் தீவைச் சுற்றி வரவில்லை. தெற்கே பெலியத்தையோடு நின்றுவிடுகிறது, கிழக்கே மட்டக்களப்போடு. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. மட்டக்களப்புப் பாதை காட்டுக்குள் புகுந்து போவதால் முதலில் அதைத்தான் குறித்து வைத்திருந்தேன். 2025 பிப்ரவரியில் ஹபரணைக்கு அருகே அந்தப் பாதையில் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்துப்போயின. காடு பார்க்கிறேன் என்று அதே வழியில் போக மனம் வரவில்லை. பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டேன். மிஞ்சியது மலைநாட்டுப் பாதை. கொழும்பிலிருந்து பதுளைவரை ஏறத்தாழ 290 கிலோமீட்டர், நேராகப் போனாலே பத்து மணி நேரம். எனக்கு அதுவும் வேகமாகத்தான் பட்டது. துண்டு துண்டாகப் போவதென்று முடிவு செய்தேன்.

நான் கோத்தகிரிக்காரன். எங்கள் பக்கத்தில் காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேயிலையை இயற்கையில் சேர்ப்பதில்லை. ஒரே செடி, ஒரே உயரம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. சோலையை வெட்டித்தான் அது வந்தது. அதனால் நாவலப்பிட்டி தாண்டி மலை ஏற ஏற, பெட்டியில் எல்லோரும் ஜன்னல் வழியே கைபேசியை நீட்டியபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. என் மனமெல்லாம் ஒகியாவில் இருந்தது. அங்கே இறங்கி ஹோட்டன் சமவெளியின் மேகக்காட்டுக்கு நடந்து ஏறுவதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

தலவாக்கலையில் ஓர் அம்மாள் ஏறி எதிரே உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். நானுஓயா தாண்டியதும் பையைத் திறந்து ரொட்டி எடுத்தார். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிச் சுட்டது, உள்ளங்கை கனம். ஒரு சின்ன டப்பாவில் கட்டச்சம்பல். நான் கேட்காமலே ஒன்றைப் பிட்டு நீட்டினார்.

“தம்பி எந்தூரு?”

“கோத்தகிரிங்கம்மா. ஊட்டிப் பக்கம்.”

கை அப்படியே நின்றது. “எங்க சின்னம்மா அங்கனதான் போச்சு. ஒப்பந்தத்துல.”

மலையகத்தில் ஒப்பந்தம் என்றால் அது ஒன்றுதான். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடத்திக் கூட்டிவரப்பட்டவர்களின் வம்சம் இவர்கள். 1869 முதல் இலைநோய் கண்டு கோப்பி அழிய, அந்த இடத்தில் தேயிலை வந்தது. 1867இல் கண்டிக்குக் கோப்பி மூட்டைக்காக வந்த ரயில் தேயிலைப் பெட்டிக்காக மேலே மேலே ஏறி, 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் தொட்டது. 1948இல் ஒரு சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டேன்டீ. அதற்காகவும் வனநிலம் தேயிலையானது. எங்கள் ஊரில் அவர்கள் இன்றைக்கும் ‘சிலோன்காரங்க’தான்.

ரொட்டி காரமாக, சுகமாக இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னேன்: “இதெல்லாம் ஒரு காலத்துல காடா இருந்துச்சும்மா. அத்தனையும் போச்சு.”

“போச்சுதான். எங்க பூட்டன்தான் வெட்டுனாரு. வெட்டலேன்னா அன்னைக்கு அரிசி இல்ல.” பிறகு என்னைப் பார்த்து, “அங்கயும் எங்காளுகளத்தான் வெட்டச் சொன்னாகளாமே?”

“ஆமா. அந்தச் சோலைய நெனச்சு நாங்க இன்னும் வருத்தப்படுறோம்.”

“யாரச் சொல்லி வருத்தப்படுறீக? வெட்டச் சொன்னவனையா, வெட்டுனவளையா?”

குரல் ஏறிவிட்டது. பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பையன் விழித்துப் பார்த்தான். நானும் விடவில்லை. சோலை இருந்தால்தான் ஓடையில் தண்ணீர் நிற்கும், தேயிலை அந்த வேலையைச் செய்யாது என்று சொன்னேன். அதை இன்றும் சொல்வேன்.

“ஓடை வத்துனா குடத்தத் தூக்கிட்டு நடக்கறது நாங்கதான் தம்பி. எங்களுக்குத் தெரியாதா?”

அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் நான் எந்தப் பறவைப் புத்தகத்திலும் படிக்காதவை. காலையில் மலைக்குள் இறங்குமுன் (அவர்களுக்கு ‘மலை’ என்றால் கொழுந்து பறிக்கும் நிரைகள்) முதலில் மரத்தைப் பார்ப்பார்களாம், குளவிக்கூடு தொங்குகிறதா என்று. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்களாம். குளவி கொட்டி இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னார். கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு விடியற்காலை குட்டியோடு சிறுத்தை படுத்திருந்தது. கங்காணியிடம் சொல்லி அன்றைக்கு வேறு மலைக்குப் போனார்கள். “அதுவும் புள்ளப் பெத்தது, படுத்துட்டுப் போகட்டுமே.” வெட்டாமல் விட்ட தேயிலை மரமாகிவிடும், வெள்ளையாய்ப் பூக்கும், அதில் தேனீ மொய்க்கும் என்றார். என் குறிப்பேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். எழுதுகிறேன் என்று தெரிந்ததும் நிதானமாகச் சொன்னார்.

பட்டிப்பொல வந்தது. தீவின் ஆக உயரமான ரயில் நிலையம். அடுத்தாற்போல் ஒரு சுரங்கப்பாதை. இந்தப் பக்கம் நசநசவென்று தூறல், அந்தப் பக்கம் வெளியே வந்தால் வெயில், ஊவா மாகாணத்தின் புல்வெளிகள், ஓரமெல்லாம் எங்கள் ஊரில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ். அங்கே மேகம் ஒதுங்கினால் கோத்தகிரிதான்.

ஒகியாவில் இறங்கும்போது இன்னொரு ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: சின்னம்மாவின் பெயர், போகுமுன் இருந்த தோட்டம், இந்தியாவுக்குப் போன ஆண்டு. கடிதம் நின்று வெகுகாலம் ஆகிறதாம். அவர் அப்புத்தளை வரை போகிறார்.

ஒகியாவிலிருந்து மேலே பதினோரு கிலோமீட்டர் ஏற்றம். அட்டைகள் காலில் ஏறின. பாசி படிந்த குட்டை மரங்களுக்கு நடுவே சிவப்பாய்க் காட்டுப்பூவரசு, எங்கள் நீலகிரிப் பூவின் உடன்பிறப்பு. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் புறப்படுகிறது. தேயிலைக்காக வெட்டாத இந்தக் காட்டிலும் மரங்கள் கொத்துக் கொத்தாய் நின்றபடியே காய்ந்திருந்தன. அந்த அம்மாளிடம் இதைக் காட்டவேண்டும் போலிருந்தது. அவர் என்ன சொல்வார் என்று கேட்க ஆசை. வழியில் பெரிய மரம் வந்தபோதெல்லாம் முதலில் கிளைகளைப் பார்த்தேன், குளவிக்கூடு இருக்கிறதா என்று.

ஊர் திரும்பியதும் டேன்டீ லயங்களில் விசாரிக்கத் தொடங்கினேன். பல வருஷமாக நான் பஸ்ஸில் கடந்துபோன குடியிருப்புகள், ஒருமுறையும் உள்ளே போனதில்லை. அந்தப் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் மஸ்கெலியாவிலிருந்து வந்தவர், அவர் இல்லை. மற்றவர் மகனோடு கூடலூர்ப் பக்கம் போய்விட்டாராம், தோட்டத்தின் பெயரைச் சொன்னால் காது கேட்காதவர்கூடத் திரும்பிப் பார்ப்பார் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். மழை விட்டதும் கூடலூருக்குக் கிளம்புகிறேன். சீட்டு என் குறிப்பேட்டில், ஒகியாவின் பறவைப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது.