யாரும் விதைக்காத காந்தாரி

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நான் மிளகாய் வளர்க்கிறேன். பெரு நாட்டு அஹி அமரில்லோ ஆளுயரம் வளர்ந்து ஆரஞ்சு நிறத்தில் காய்த்துத் தொங்குகிறது. ஆண்டிஸ் மலையின் ரொகோட்டோவுக்கு ஊதாப் பூ, கறுப்பு விதை, ரோமம் படர்ந்த இலை. இது மிளகாயா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டி கின்னஸ் புத்தகத்தில் ஏறிய அசாம் பக்கத்துப் பூத் ஜொலோகியாவும் ஒரு தொட்டியில் இருக்கிறது. பிப்ரவரியில் சூடேற்றும் விரிப்பின்மேல் நாற்றுத் தட்டை வைத்து, மேலே எல்.இ.டி. விளக்கைத் தொங்கவிட்டு, பூ வந்ததும் சின்னத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறேன். எல்லாம் காய்க்கின்றன. நன்றாகவே உறைக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் கை தேடுவது வேறொன்றை.

கன்னியாகுமரி மாவட்டத்தில், விளவங்கோடு தாலுகாவில், எங்கள் வீட்டு அடுக்களைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடிப்போகும் இடத்தில் ஒரு காந்தாரி மிளகாய் மூடு நின்றது. வாழைக்கும் சுவருக்கும் நடுவே, பாதி வெயிலில். காய் சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்கூட இருக்காது. மற்ற மிளகாய்கள் தரையைப் பார்த்துத் தொங்கும். காந்தாரி வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பச்சை, பழுக்கிற பருவத்து மஞ்சள், நல்ல சிவப்பு, மூன்றும் ஒரே கொப்பில் இருக்கும். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே வந்துபோகிற மண் என்பதால் அது வாடி நான் பார்த்ததில்லை. சித்திரை வெயிலிலும் ஒரு நேரத்துச் சம்மந்தித் துவையலுக்கு வேண்டியது அதில் இருந்தது.

அதை யாரும் விதைக்கவில்லை. உரம் வைக்கவில்லை, தண்ணீர் கோரவில்லை. சின்னான் என்று சொல்கிற கொண்டைக்குருவிகள் பழுத்ததைத் தின்றுவிட்டு எங்கேயோ உட்கார்ந்து எச்சமிடும். அங்கே அடுத்த மூடு முளைக்கும். நமக்குக் கண்ணில் நீர் வரவைக்கிற அந்த எரிச்சல் பறவைகளுக்குத் தெரிவதே இல்லை. அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்து ஆராய்ந்தவர்கள் 2001-ல் இதை எழுதினார்கள்: எலி வகைகள் மிளகாயைத் தொடுவதில்லை, பறவை தின்று கழித்த விதையோ முளைக்கிறது, அதுவும் நிழல் தருகிற செடிகளின் அடியில்தான் பறவை அதைக் கொண்டுபோய்ப் போடுகிறது. படித்தபோது எங்கள் வாழைமூடு நினைவுக்கு வந்தது. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியக் கப்பலில் வந்த இனம், எங்கள் விளையில் குருவி போட்ட இடத்தில் வேர்பிடித்து, ஊர்க்காரியாகவே ஆகிவிட்டது. எனக்கு இந்த லீட்ஸில் அது கைகூடவில்லை.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு வெந்து, தண்ணீரை வடிக்கிற நேரத்தில்தான் பாட்டியின் குரல் வரும். "மக்களே, ரெண்டு காந்தாரி பறிச்சிட்டு வா. காம்போட பறிக்கணும், கேட்டியா?" இரண்டு என்று சொன்னால் கை நிறைய என்று அர்த்தம். பழுத்தது தொட்டாலே கையோடு வந்துவிடும், காம்பு செடியிலேயே நின்றுவிடும். பச்சைக்காயைத்தான் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். பறித்த கையால் கண்ணைத் தொட்டுவிட்டு அலறிய பிள்ளைகள் எங்கள் வீட்டில் எல்லாரும்தான். தேங்காய் எண்ணெய் தடவி மடியில் போட்டுக்கொள்வாள்.

அப்புறம் அம்மி. கல் உப்பு முதலில் நொறுங்கும் சத்தம், அடுத்து காந்தாரி நசுங்குகிற மெல்லிய ஈரச் சத்தம், சின்ன உள்ளி வைத்ததும் குழவியின் ஓட்டம் மாறி ஒரு இழுப்பு. மைபோல அரைக்கக் கூடாது. உள்ளி பாதி பாதியாகக் கிடக்க வேண்டும். வழித்தெடுத்து, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, விரலால் ஒரு தடவை குழைப்பாள். சூடான மரச்சீனியை அதில் தொட்டு வாயில் வைத்தால் முதலில் உப்பு தெரியும், பிறகு உள்ளியின் இனிப்பு, அதற்குப் பிறகு வரும் காந்தாரி. சுருக்கென்று ஏறி, காது வரைக்கும் போய், சட்டென்று இறங்கிவிடும். பூத் ஜொலோகியா இறங்குவதில்லை. தொண்டையில் கிடந்து தண்டனை கொடுத்துக்கொண்டே இருக்கும். இப்போது உலகிலேயே மிகக் காரமான மிளகாய் என்று 2023-ல் பெப்பர் எக்ஸ் வந்துவிட்டது, 26 லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணில் எனக்கு ஆசையில்லை. மறு வாய்க்கு நாக்கு ஏங்க வேண்டும், அதுதான் உறைப்பு.

வெளியூரில் இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஒன்று இருக்கும். உங்களுக்கு அது ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயாக இருக்கலாம், எண்ணெயில் விழுந்ததும் கிளம்புகிற அந்த வாசம். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் நின்ற கொச்சியாக இருக்கலாம். கடையில் கிடைக்கிறதே என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். கிடைக்கிறதுதான். நீங்களும் வாங்கியிருப்பீர்கள், பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்திருப்பீர்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் பிரிட்ஜில் வைத்திருப்பீர்கள்.

காந்தாரி விதை என்று இங்கேயும் விற்கிறார்கள். வாங்கிப் போட்டேன். மெதுவாக முளைத்தது, வெளிறிய பச்சையில் பூத்தது, காய் நிமிர்ந்தே நின்றது. வடிவத்தில் ஒரு பிழை சொல்ல முடியாது. டிசம்பரில் ஏழரை மணி நேரப் பகல். விளக்கை அணைத்தால் இலை உதிரும். ஜன்னலைத் திறக்க முடியாது. பழுத்த காய்களைக் கொத்த ஒரு குருவி வராமல், அவை கொப்பிலேயே சுருங்கிக் காய்ந்தன. மிக்சியில் அரைத்த சம்மந்தி பச்சைக் கூழாக வந்தது. பாக்கெட்டில் உறைந்து வருகிற மரச்சீனியோடு அதைச் சாப்பிட்டேன், அன்று வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, வீட்டுக்குள் ஹீட்டரின் கதகதப்பு இருந்தது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாம் இருந்தது.

ஊரிலும் அந்த மூடு இல்லை. பாட்டி போனபிறகு வீட்டைப் புதுக்கிக் கட்டியபோது பின்முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்துவிட்டார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, சகதியில் வழுக்கி விழாமல் நடக்க வேண்டும், செய்தது சரிதான். அம்மி மாடிப்படியின் அடியில் கிடக்கிறது. காந்தாரி வேண்டுமென்றால் மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

பாட்டியிடம் கேட்காமல் விட்டது நிறைய. பழங்கஞ்சிக்கு ஏன் எப்போதும் பச்சைக்காயை மட்டும் நசுக்கிப் போட்டாள், சாளை மீன் அவிக்கும்போது ஏன் பழுத்ததைத் தேடினாள், மழை நாளில் ஏன் எண்ணிக்கையைக் குறைத்தாள். அப்போது எனக்கு அது வெறும் ஏவல் வேலை.

போன மாதம் அண்ணன் போனில் சொன்னான், ரப்பர் தோட்டத்து வேலியோரம் ஒரு காந்தாரி மூடு தானாக வந்து நிற்கிறதாம், இடுப்பளவு வளர்ந்து காய்த்திருக்கிறதாம். "விதை எடுத்து வைக்கட்டா? வரும்போ கொண்டு போலாமே" என்றான். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டுக்குள் விதை கொண்டுவர முடியாது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

"வேண்டாம்ணே. அங்கனயே நிக்கட்டும். காடு வெட்ட வாற ஆளுககிட்ட மட்டும் சொல்லி வை."