குளிர்காலக் குடிபெயர்வும் கொல்லிமலையின் ஒரு குடும்பமும்

குளிர்காலத்தில் குடும்பத்தோடு கடல்கடந்து குடிபெயர்வோர் முதலில் மூட்டை முடிச்சுகளைப் பற்றியே கவலைப்படுகின்றனர். ஆனால் யார் முன்னே, யார் பின்னே செல்வது என்பதே முதன்மையான முடிவு என்பதைக் கொல்லிமலையின் பிராண்ட் குடும்ப வரலாறு உணர்த்துகிறது.

ஆங்கிலேய மறைப்பணியாளர்களான ஜெஸ்ஸி, எவலின் தம்பதியின் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, இம்மலையில் வளர்ந்து, 1923-இல் தங்கையுடன் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, லண்டனில் தாயின் சகோதரிகளிடம் விடப்பட்டார். மலைக்குத் திரும்பிய தந்தை, 1929-இல் கருநீர்க் காய்ச்சலால், அதாவது மலேரியா முற்றிச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கறுக்கும் நோயால் இறந்ததால், மகன் அவரை மீண்டும் காணவேயில்லை.

பின்னர் அறுவை மருத்துவரான பால், 1946 இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றத் தாம் மட்டும் முன்னே வந்தார். மருத்துவரான மனைவி மார்கரெட் இரு சிறு குழந்தைகளுடன் 1947-இல் வந்து சேர்ந்தார்.

கப்பல் பயணத்தைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைவிடக் குளிர்காலத்தில் அக்கடல் அமைதியாக இருக்கும். இன்று வானூர்தியில் செல்வோருக்கோ பனிபொழியும் ஊரில் சென்று இறங்குவதே சோதனையாகிறது. ஆகவே ஒருவர் முன்னே சென்று, வெப்பமூட்டும் வசதியுள்ள வீட்டையும் பள்ளியையும் உறுதிசெய்த பின் குழந்தைகளை அழைப்பதும், பிரிவுக்காலத்தை இயன்றவரை சுருக்குவதும் குடும்பத்தைக் காக்கும் திட்டமாகும்.