பார்லி வயலும் ஆட்டு மேய்ச்சலும்: ஸ்காட்லாந்துக்கு ஒரு பயணத் திட்டம்

ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா புறப்படுகிறவர்கள் கையில் பெரும்பாலும் மூன்று பட்டியல்கள் இருக்கும். ஒருவர் விஸ்கி ஆலைகளைக் குறித்து வைத்திருப்பார். இன்னொருவர் கோல்ஃப் மைதானங்களை. வீட்டில் சரித்திர நாவல் படிக்கிறவர் இருந்தால், கதையில் வரும் கோட்டைகளும் போர்க்களங்களும் மூன்றாவது பட்டியல். மூன்றையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைத்து, பாதி நாளைக் காரிலேயே கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

இந்த மூன்றுமே விவசாயிகளின் நிலத்திலிருந்து வந்தவை. விஸ்கி பார்லி வயலிலிருந்து வந்தது. கோல்ஃப் ஆட்டு மேய்ச்சலிலிருந்து வந்தது. நாவல்களில் நல்லவை சில, நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்ட குடியானவர்களின் கதை. இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் திட்டம் சுலபமாகிவிடும். தெற்கில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம் பார்த்துவிட்டு, மீதி நாட்களை வடகிழக்குக் கடலோரத்துக்கு ஒதுக்கலாம். அங்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் மூன்றும் சேர்ந்தே கிடக்கின்றன.

உழவுக்கு ஆகாத மணல்மேடு

எடின்பரோவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃப் ஆட்டத்தின் தாய்வீடு என்று உலகமே சொல்லும் ஊர். கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டை அங்கே 'லிங்க்ஸ்' என்கிறார்கள். உப்புக் காற்று, தண்ணீர் நிற்காத மண். எதை விதைத்தாலும் தேறாது. அதனால் ஆட்டுக்கும் முயலுக்கும் விட்டுவிட்டார்கள். மேய்ந்து மேய்ந்து புல் கட்டையாகவே நின்றது. காற்றுக்குப் பயந்து ஆடுகள் ஒதுங்கிப் படுத்துக் குழியான இடங்கள்தான் இன்று 'பங்கர்' எனப்படும் மணல்குழிகள் என்று சொல்வது வழக்கம்.

1457-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபுக்குத் தடை போட்டது. ஆண்கள் வில் பயிற்சிக்குப் போகாமல் இதில் கிடந்தார்கள் என்பது காரணம். தடை நிலைக்கவில்லை. 1552-ல் அந்த ஊர்ப் பேராயர் எழுதிக்கொடுத்த சாசனம், மணல்மேட்டில் முயல் வளர்த்துக்கொள்ளலாம், ஊர் மக்கள் விளையாடவும் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டது. ஊர்ப் பொது நிலத்தில் மக்களுக்குள்ள உரிமை அன்றே காகிதத்தில் ஏறிவிட்டது.

ஆனாலும் 1797-ல் கடனில் மூழ்கிய ஊராட்சி அந்த நிலத்தை விற்றுவிட்டது. பிறகு அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. முயல்கள் தரையெங்கும் வளை தோண்டின. ஊர்க்காரர்கள் முயலை அடிக்க, வழக்கும் கைகலப்புமாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் போயின. 1821-ல் கோல்ஃப் பிரியரான பக்கத்து நிலக்கிழார் ஒருவர் அதை வாங்கிய பிறகுதான் சச்சரவு ஓய்ந்தது. பொது நிலம் ஒருமுறை கைமாறினால் மீட்க எத்தனை பாடு என்பதற்கு இந்த மைதானமே சாட்சி.

இன்று அது மீண்டும் பொது மைதானம். 'ஓல்ட் கோர்ஸ்' என்ற பழைய மைதானத்தில் ஆட விரும்புகிறவர்களுக்குக் குலுக்கல் முறையில் நேரம் ஒதுக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்று ஊர் மக்கள் நாயும் குழந்தையுமாக உள்ளே நடந்து திரிவார்கள். கோல்ஃப் தெரியாத பயணிக்கு ஞாயிறுதான் நல்ல நாள். கட்டணமும் இல்லை.

தழைச்சத்து கூடினால் விலை போகாது

நடுவில் பார்க்க வேண்டியது ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு. சுமார் 50 விஸ்கி ஆலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. குடிக்காதவர்கள் இங்கே எதற்கு என்று ஒதுங்க வேண்டியதில்லை. கிண்ணத்தில் ஊற்றித் தருவதற்கு முன்னால் நடக்கும் வேலை அத்தனையும் விவசாயிக்குத் தெரிந்த வேலைதான்.

பார்லியை மார்ச், ஏப்ரலில் விதைத்து ஆகஸ்ட், செப்டம்பரில் அறுக்கிறார்கள். விஸ்கி ஆலைக்குப் போகிற தானியத்தில் நைட்ரஜன் சுமார் 1.65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூடினால் புரதம் ஏறி மாவுச்சத்து குறையும். சாராயம் குறைவாக இறங்கும். அப்படிப்பட்ட தானியத்தை ஆலை தள்ளிவிடும். மாட்டுத் தீவன விலைக்குத்தான் விற்க வேண்டிவரும். மகசூல் ஆசையில் உரத்தை அள்ளிக் கொட்டினால் தரம் போச்சு. அதனால் அந்த ஊர் விவசாயிகள் தழைச்சத்தை அளந்துதான் போடுகிறார்கள்.

டஃப்டவுன் ஊரிலுள்ள பால்வெனி ஆலையில் பார்லியை முளைகட்டும் பழைய களம் இன்றும் இருக்கிறது. தானியத்தை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, களத்தில் பரப்பி, சூடேறிப் பின்னிக்கொள்ளாமல் மரத் துடுப்பால் புரட்டிப் போடுகிறார்கள். நாள் முழுக்கப் புரட்டியவர்களுக்கு ஒரு பக்கத் தோள் தொங்கிப்போகும். அதற்கு 'குரங்குத் தோள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். முளை விட்டதும் சூளையில் உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, செம்புக் கொப்பரையில் பெரும்பாலும் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். ஒரு டன் முளைப் பார்லியில் சுமார் 400 லிட்டர் சுத்த ஆல்கஹால் கிடைக்கும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள். அதற்கு முன் விஸ்கி என்ற பெயரைப் போடச் சட்டம் விடாது. ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் பீப்பாயிலிருந்து காற்றோடு போய்விடும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள்.

இனிப்பு இறக்கிய பிறகு மிஞ்சும் சக்கை மாட்டுக்குப் போகிறது. ஆலைக்குள் பார்லி போவதும், ஆலையிலிருந்து சக்கை தொழுவத்துக்குப் போவதும் அந்த வட்டாரத்தில் அன்றாடக் காட்சி.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்த மலைகளில் காய்ச்சியது பெரும்பாலும் திருட்டுச் சரக்கு. காய்ச்சியவர்கள் ரவுடிகள் அல்ல, குத்தகைக்காரர்கள். தானியமாக விற்றால் குத்தகைப் பணம் தேறாது, காய்ச்சினால் தேறும். நிலக்கிழார்களும் குத்தகை ஒழுங்காக வருகிறதே என்று கண்டும் காணாமல் இருந்தார்கள். 1823-ல் சட்டம் இளகி, 10 பவுண்டு கட்டினால் உரிமம் என்றானது. அடுத்த ஆண்டே கிளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் என்ற குத்தகை விவசாயி உரிமம் எடுத்தார். ஆலையைக் கொளுத்துவோம் என்று அக்கம்பக்கத்துக் காய்ச்சுகாரர்கள் மிரட்ட, அவர் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியோடு நடமாட வேண்டியிருந்தது.

கதை தேடிப் போகிறவர்கள்

'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு வீராணம் ஏரிக்கரையில் போய் நிற்கிறவர்கள் போல, 'அவுட்லேண்டர்' படித்தவர்கள் ஸ்காட்லாந்துக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். எழுதிய டயானா கபால்டன் அமெரிக்கர். முதல் நாவலை எழுதத் தொடங்கியபோது அவர் ஸ்காட்லாந்தைப் பார்த்ததே இல்லை. தொலைக்காட்சித் தொடரில் வரும் டூன் கோட்டை, ஃபாக்லாந்து ஊர் இரண்டும் தெற்கிலிருந்து வரும் வழியிலேயே பார்க்கக்கூடியவை. படம் எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் போதும்.

இன்வர்னஸ் பக்கத்திலுள்ள கலோடன் அப்படி அல்ல. 1746 ஏப்ரல் 16 அன்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த சண்டையில் மலைநாட்டுப் படையில் சுமார் 1,500 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு குலத் தலைவர்களுக்குப் படைக்கு ஆள் தேவைப்படவில்லை. பணம் தேவைப்பட்டது. குடிகளைவிடச் செம்மறி ஆடு அதிகக் குத்தகை தரும் என்ற கணக்கு மெல்லத் தலையெடுத்தது.

பிரோரா கடற்கரை

இன்வர்னஸிலிருந்து வடக்கே போகும் சாலையில் கால்ஸ்பி ஊரை நெருங்கும்போதே மலையுச்சியில் ஒரு சிலை தெரியும். பீடத்தோடு சேர்த்து சுமார் 30 மீட்டர் உயரம். முதலாம் சதர்லாந்து டியூக்குக்கு நன்றியுள்ள குத்தகைக் குடிகள் எழுப்பியது என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தக் குடிகளில் ஆயிரக்கணக்கானவர்களை உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து கிளப்பியது அவர் குடும்பத்தின் எஸ்டேட்தான். 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீட்டுக் கூரை மரங்களைக் கொளுத்தினார்கள். மரம் அரிதான ஊரில் கூரை மரம் போனால் வேறு வீடு கட்ட முடியாது. முன்னின்று நடத்திய காரியஸ்தர் பேட்ரிக் செல்லர், காலியான நிலத்தில் ஆட்டுப் பண்ணை போடக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரே. 1816-ல் அவர்மீது நடந்த கொலைவழக்கில் விடுதலையானார்.

கிளப்பப்பட்டவர்களுக்குக் கடலோரத்தில் துண்டு நிலம் கொடுத்தார்கள். அதை வைத்து மட்டும் பிழைக்க முடியாத அளவுக்குச் சிறிய துண்டு. மீன் பிடிக்கப் போகட்டும் என்பது எஸ்டேட்டின் திட்டம். அவர்கள் விளைவிக்கும் பார்லியைத் திருட்டுக் காய்ச்சலுக்குக் கொடுக்காமல் வாங்கிக்கொள்ள 1819-ல் பிரோராவில் எஸ்டேட்டே ஓர் ஆலை கட்டியது. அதுதான் கிளைனலிஷ். சக்கையைத் தின்னப் பன்றித் தொழுவம் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பழைய ஆலை 1983-ல் மூடப்பட்டு, 2021-ல் பிரோரா என்ற பெயரில் மீண்டும் அடுப்பேற்றியது. 1960-களில் பக்கத்தில் கட்டியதே இப்போதைய கிளைனலிஷ். இரண்டையும் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது யாருடைய பார்லிக்காகக் கட்டியது என்று தெரியுமோ!

ஆலையிலிருந்து கடல் பக்கம் போனால் பிரோரா கோல்ஃப் மைதானம். நெடுங்காலமாக ஆடும் மாடும் மேய்ந்துவந்த பொது மேய்ச்சல் நிலம் இது. மேய்க்கும் உரிமை 'கிராஃப்டர்' எனப்படும் சிறு குத்தகைக் குடியானவர்களுடையது. அதனால் பந்து விழும் குழிகளைச் சுற்றியுள்ள பச்சைத் தரைக்கு மட்டும் மின்வேலி போட்டுக் காப்பாற்றி வந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஏட்டில் படிப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். கிராஃப்டர்களின் குத்தகை உரிமைக்குப் பாதுகாப்பு வந்தது 1886 சட்டத்தில்தான். குத்தகை ஒழுங்காகக் கட்டுகிறவரை வெளியேற்றக் கூடாது, நிலத்தில் செய்த மேம்பாட்டுக்கு ஈடு தர வேண்டும், பிள்ளைக்கு வாரிசாகக் கொடுக்கலாம் என்றது அது. பள்ளத்தாக்கில் இழந்த நிலத்தை அது திருப்பித் தரவில்லை.

ஹெல்ம்ஸ்டேல் தாண்டியதும் சாலையோரத்தில் காரை நிறுத்தி, சிறிது தூரம் நடந்தால் பேட்பே. இது வேறொரு எஸ்டேட்டின் நிலம்; கதை ஒன்றுதான். உள்நாட்டிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் கடற்பாறையின் விளிம்பில் கல்லைப் பொறுக்கிச் சுவர் வைத்துக் குடியேறின. காற்று அடித்தால் ஆளையே தள்ளும். வேலைக்குப் போகும்போது ஆடுமாட்டோடு குழந்தைகளையும் கயிற்றால் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள், பாறையிலிருந்து விழாமலிருக்க. கடைசி ஆள் வெளியேறியது 1911-ல். இப்போது இடிந்த சுவர்களும், நியூசிலாந்துக்குப் போனவர்களின் வாரிசு எழுப்பிய நினைவுத்தூணும்தான் உண்டு. நாவல் தேடி வருகிறவர் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பார்க்கலாம்.

புறப்படுமுன்

ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பல ஆலைகள் பராமரிப்புக்காகச் சில வாரம் காய்ச்சலை நிறுத்தும். கேட்டுவிட்டுப் போவது நல்லது. கோடையில் 'மிட்ஜ்' என்னும் கடிக்கும் பூச்சி படுத்தி எடுக்கும். வண்டி ஓட்டுவது நம்மைப் போலவே இடது பக்கம். ஒற்றைத் தடச் சாலைகளில் எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவதில் ஸ்காட்லாந்து கறார்: 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு, இங்கிலாந்தில் 80. ஓட்டுநரின் பங்கைச் சின்னப் புட்டியில் கட்டிக்கொடுக்கும் ஆலைகள் பல. கார் வேண்டாம் என்றால் இன்வர்னஸிலிருந்து ரயில் உண்டு. கால்ஸ்பி, பிரோரா, ஹெல்ம்ஸ்டேல் மூன்றிலும் நிற்கும்.

பேட்பேயிலிருந்து இன்னும் வடக்கே டன்பீத் என்ற சிறு துறைமுகம். மீன்பிடிப் படகுக்காரர் மகனாக 1891-ல் இங்கே பிறந்தவர் நீல் கன். இன்வர்னஸ் விஸ்கி ஆலையில் கலால் அதிகாரியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே நாவல் எழுதினார். 'புட்சர்ஸ் புரூம்' துரத்தப்பட்டவர்களின் கதை. 'தி சில்வர் டார்லிங்ஸ்' அவர்கள் கடலுக்குப் போய் மீன் பிடிக்கப் பழகிய கதை. 1937-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத உட்கார்ந்தார். அவர் படித்த பள்ளிக்கூடம் இப்போது அருங்காட்சியகம். துறைமுகத்தில் அவருடைய இன்னொரு நாவலில் வரும் சிறுவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆற்று மீன் நிலக்கிழாருக்குச் சொந்தம் என்று இருந்த காலம். சிறுவன் வெறுங்கையால் பிடித்த பெரிய சால்மன் மீனை முதுகில் சுமந்து வீட்டுக்குப் போகிறான்.