சோயாவா, பாரஃபினா?

சோயா மெழுகுவர்த்தி புகையாது, பாரஃபின் என்றால் விஷம். வாசனை மெழுகுவர்த்தி விற்பவர்கள் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். புகைக்கு முதல் காரணம் மெழுகு அல்ல, திரி. திரி நீண்டால் சுடர் உயர்ந்து ஆடும். எரியாத கரி மேலே கிளம்பும். தேன்மெழுகுக்கும் அதே கதிதான்.

பழைய ஐரோப்பாவில் ஏழை வீட்டில் எரிந்தது மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும். ஒரே நாற்றம்; கருகிய திரி நுனியை அடிக்கடி கத்தரிக்காவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும். தேன்மெழுகு தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும். 18ஆம் நூற்றாண்டில் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகு வந்தது. அது சீராக எரிந்ததால் 1860இல் இங்கிலாந்து வெளிச்சத்தை அளக்கவே அதை அளவுகோலாக்கியது. பாவம், திமிங்கிலம்!

விலையை இறக்கியது வேதியியல். 1825இல் பிரான்சின் செவ்ரலும் கே-லூசாக்கும் கொழுப்பமிலத்தில் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை பெற்றார்கள். பிறகு வந்தது பாரஃபின். மலிவு, நாற்றமில்லை, ஆனால் வெக்கையில் வளைந்துவிடும். அதனால் ஸ்டியரிக் அமிலம் கலந்தார்கள்.

தேன்மெழுகு உருக 62 டிகிரி செல்சியஸாவது வேண்டும். சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டியே இளகும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி விற்பது அதனால்தான். 1990களில் வந்த சரக்கு அது, சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிச் செய்வது. பாரஃபின் கலந்தும் விற்கிறார்கள், லேபிளைப் படியுங்கள்.

மின்வெட்டுக்குப் பாரஃபினே போதும். எதுவானாலும் ஏற்றும் முன் திரியை அரை சென்டிமீட்டர் விட்டுக் கத்தரித்துவிடுங்கள்.