தேய்ந்த டயர் சொல்லும் செய்தி

பட்டறை வாசலில் கழற்றிப் போடப்பட்ட டயரை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் பழைய கார் வைத்திருப்போருக்கு அது படிக்கத் தக்க ஓர் ஏடு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்றுக் குறைவு. ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம். ஒரே ஓரம் வழுவழுப்பாய்ப் போயிருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது என்று பொருள். உள்ளங்கையால் தடவுகையில் ஒரு திசையில் மென்மையாகவும் மறு திசையில் அரத்தின் பற்களைப் போலவும் உறுத்தினால், முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை.

இந்தக் கடைசிக் குறைதான் கண்ணுக்குத் தெரியாமல் செலவு வைப்பது. இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலத்தை முன்னும் பின்னும் அளந்தால், 60 செ.மீ. நீளத்தில் 3 மி.மீ. வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் உரசியே செல்லும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டரைக் கிலோமீட்டர் வெறும் தேய்ப்பு! எந்த ரப்பர் இதைத் தாங்கும்?

ஜவ்வாது மலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் வண்டியின் பாரம் வெளிப்புறச் சக்கரத்தின் வெளி ஓரத்தில் விழுகிறது. அடுத்த திருப்பத்தில் மறு சக்கரத்தின் முறை. ஆகவே கோணம் சரியாக உள்ள வண்டிக்கும் இங்கே வெளி ஓரம் சற்றுத் தேயும். திரும்பும்போது உள் சக்கரம் சிறு வட்டமும் வெளிச் சக்கரம் பெரு வட்டமும் ஓட வேண்டும் என்பதற்கேற்ற அமைப்பைக் குதிரை வண்டிக்காக வகுத்தவர், மியூனிக் நகரின் வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர். 1818 இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றுத் தந்த ஆக்கர்மன் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தச்சருக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

என் மாமனார் இம்மலையில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய 1986 ஆம் ஆண்டு அம்பாசடர், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய வண்டி. இப்போது ஆம்புலன்ஸ் வருகிறது. எனினும் அது வந்து சேரும்வரை காத்திருக்க மனமில்லாதோர் மாமாவின் கதவைத் தட்டுவது நின்றபாடில்லை. அவ்வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. நகரத்து நிலையம் ஒன்றில் மூன்று முறை கணினி வைத்துக் கோணம் திருத்தினார்கள். மூன்று முறையும் தாளில் எண்கள் யாவும் சரி. மலையேறிய மறு வாரமே பழைய கதை.

போளூர் மெக்கானிக் ஒருவர்தாம் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இரு கைகளாலும் பற்றி அசைத்துப் பார்த்தார். பின்பு கீழே படுத்து, டயரின் உட்புறத்தை விரலால் காட்டினார். வெளியே நின்று பார்ப்போருக்குப் பள்ளங்கள் நன்றாகத் தெரிந்த அந்த டயரின் உள் ஓரத்தில் நூலிழை வெளிப்பட்டிருந்தது. சட்டம் கேட்பது 1.6 மி.மீ. ஆழம், அங்கே ரப்பரே இல்லை. இறக்கத்தில் அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மாமா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“வாத்தியாரய்யா, நூல் புடிச்சு நேரா வெச்சிக் குடுத்துடுவேன். ஆனா அது நிக்காது. டை ராடு எண்டுலயும் புஷ்ஷுலயும் ஆட்டம் இருக்கு. மொதல்ல அதை எடுக்கணும். இல்லன்னா வண்டிய ஷெட்லயே விட்டுடுங்க” என்றார்.

நிலையத்தார் அளந்தது நின்ற வண்டியை. ஆட்டம் கண்ட மூட்டுகள் ஓட்டத்தில் வேறு கோணம் காட்டும். போதாக்குறைக்கு, முன்புறத்தைத் தாங்கும் டார்ஷன் பார் எனும் முறுக்குத் தண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தளர்ந்து, வண்டியின் மூக்கைத் தாழ்த்திச் சாய்வையும் மாற்றியிருந்தது. இவற்றைப் பாராமல் கோணம் திருத்துவது, ஆடும் கட்டிலுக்கு மெத்தை மாற்றுவது போன்றது.

2014 இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றபின் உதிரிபாகங்கள் எளிதில் கிட்டுவதில்லை. வீட்டில் வாக்குவாதம் எழுந்தது. விற்றுவிடலாம் என்று என் மனைவி அழுத்திச் சொன்னாள். மாமா மறுமொழி கூறாமல், மூன்று நாள் கழித்துச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் பேருந்து ஏறினார். ஒரு சாக்குப் பையுடன் திரும்பினார்.

மூட்டுகள் மாறின, தண்டின் உயரம் சரிசெய்யப்பட்டது. மெக்கானிக் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் கட்டி, ஒரு கண்ணை மூடி, அரை மணி நேரம் பார்த்துக் கோணம் வைத்தார். பின்பு அளவு சரிதானா என்று கணினியிலும் காட்டினோம். திருத்தம் ஏதும் தேவைப்படவில்லை.

மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாமா சனிக்கிழமைதோறும் குனிந்து, உள் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். இரு டயரிலும் தேய்மானம் ஒத்திருக்கிறது. வெளி ஓரங்களில் மட்டும் சற்றுக் கூடுதல். அது மலைப்பாதைக்கு இயல்புதான் என்று சொல்லி, முன் டயர்களைப் பின்னுக்கு மாற்ற அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்.