கோனித் தீவும் ஒத்தக் காளையும்

பாளையம்பட்டியிலிருந்து அப்பா சிங்கப்பூர் வந்து ஒரு வாரம். எந்த மாலைக் காட்டினாலும் ஒரே பதில்தான்: "நல்லாருக்குப்பா." சரி, கோனித் தீவையாவது காட்டுவோம்னு ஞாயித்துக்கிழமை காலையில பொங்கோல் போய் இறங்கினோம்.

50 ஹெக்டேர் தீவு. 1950ல ஒரு இந்திய வியாபாரி இதை வாங்கி, நியூயார்க் கோனி ஐலண்ட் மாதிரி பொழுதுபோக்கு இடமாக்க நினைச்சார். அது நடக்கலை, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. 2015 அக்டோபர்ல இயற்கைப் பூங்காவா திறந்தாங்க. விளக்கு கிடையாது, சாயங்காலம் 7 மணிக்கு மூடிடுவாங்க. சவுக்குத் தோப்புக்குள்ள நடைபாதை. அங்கங்க கிளை பிரிஞ்சா குட்டிக் கடற்கரைகள். பேரு ஏ, பி, சி, டி, ஈ. (வச்சது கண்டிப்பா நம்ம புரோகிராமர் சாதிதான் :-))

அப்பா முதல் தடவையா வாயைத் திறந்தார். "நம்ம கம்மாக்கரையில கருவேலத்துக்குப் பதிலா சவுக்கு நின்னா இப்படித்தான் இருக்கும்."

உற்சாகத்துல, இங்கே தனியா திரிஞ்ச காளையோட கதையைச் சொன்னேன். பிராமன் இனம். நம்ம நாட்டுத் திமில் மாடுகள்ல இருந்து அமெரிக்காவுல உருவாக்கினது. 2016ல செத்துப்போச்சு.

"சோடி கிடையாதா?"

"இல்லப்பா. தீவுக்கே அது ஒண்ணுதான்."

அப்பா பேசலை. மணல்ல உக்காந்து எதிர்க்கரை மலேசியாவைப் பார்த்துக்கிட்டே இருந்தார். ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை நீ யாரு கூடப்பா சாப்பிடுவ?"

காளையைப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாது.