ஏரிக்குப் புறப்படுமுன்

கனடாவின் மேப்பிள் மரங்கள் இலையுதிர்க்குமுன் செக்கச் சிவந்து நிற்கும் காட்சியை நாட்காட்டிப் படங்களிலேனும் காணாதவர் நம்முள் அரியர். அக்காட்சியை வள்ளத்திலிருந்து காண்பதே சிறப்பு என்பர் அந்நாட்டார். சாலையோரம் நின்று நோக்குவோருக்கு ஒரு வண்ணக்காடு. ஏரியில் மிதந்து நோக்குவோருக்கோ நீரின்மேல் ஒன்று, நீரினுள் ஒன்று என இரண்டு. விடுப்பில் ரொறன்ரோவிலுள்ள தமக்கையார் வீட்டிற்கு வந்திருக்கும் நாமும் உறவினருமாக எண்மர், புரட்டாதி நடுவில் அல்கொன்குவின் வனப்பூங்காவின் ஓப்பியோங்கோ ஏரிக்கரையில் மூன்று இரவுகள் கூடாரமிட்டுத் தங்க எண்ணியுள்ளோம். நவராத்திரிக்குமுன் திரும்பிவிடவேண்டும் என்பது தமக்கையார் விதித்த நிபந்தனை. பயணஞ் செய்து மீண்டபின் எழுதுவோர் பலர். நாமோ புறப்படுமுன்னரே எழுதுகின்றோம். ஆயத்தத்தில் அத்துணைச் செய்தி இருக்கின்றது.

அல்கொன்குவின் பூங்காவை 1893ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாண அரசு ஒதுக்கி வைத்தது. ரொறன்ரோவிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம். பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். நம் யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் ஏழு மடங்கு. ஆயிரக்கணக்கான ஏரிகளில் ஓப்பியோங்கோவே பெரியது. பூங்காவின் தென்பகுதியை ஒரு நெடுஞ்சாலை ஊடறுக்கின்றது. அதனை விட்டு நீங்கினால் உள்நாட்டிற்கு வள்ளமே வாகனம். ஓர் ஏரி முடிந்து மற்றோர் ஏரி தொடங்கும்வரை, ஏறி வந்த வள்ளத்தை நாமே தலைமேற் சுமந்து செல்லவேண்டும். அதனாற்றான் கனூ என்னும் அவ்வள்ளம் அத்துணை இலேசாக அமைந்தது. அந்நிலத்தின் பழங்குடியினர் பேர்ச் மரப்பட்டையை வளைத்து, மரவேரினால் தைத்து, பிசின் பூசி அதனைச் செய்தனர். ஆணி ஒன்றும் இல்லை. நம் கட்டுமரமும் ஆணியின்றிக் கயிற்றாற் பிணைப்பதன்றோ! இக்காலத்துக் கெவ்லார் வள்ளம் ஏறக்குறைய 20 கிலோ நிறையுடையது. பழகிய ஒருவர் தனியே தூக்குவார்.

காலத்தைத் தேர்வது எளிதன்று. இலையிலுள்ள பச்சையம் சிதையும்போது அதுகாறும் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படும். சிவப்போ இலையில் தங்கிய சர்க்கரையினின்று புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவிற் குளிரும் வாய்த்த ஆண்டிற் சிவப்பு மிகும். பூங்காவின் மேட்டுநிலத்து மேப்பிள்கள் பெரும்பாலும் செப்ரெம்பர் கடைசி வாரத்திலும் ஒக்ரோபர் முதல் வாரத்திலும் உச்சத்தை எட்டும். கோடையில் வாட்டும் நுளம்பும் கடிக்கும் ஈயும் அப்போது இல்லை. உள்நாட்டுத் தங்கலை ஐந்து மாதம் முன்னரே பதிவு செய்யலாமாதலின், தமக்கையார் மகன் சித்திரையிலேயே அதனை முடித்துவிட்டான். ஓரிடத்தில் ஒன்பதின்மருக்கு மேல் தங்கலாகாது. நாம் எண்மர், மூன்று வள்ளம்.

ஆனால் அப்பருவத்தில் நாள்தோறும் பகல் மூன்று நிமிடமளவு குறுகும்; இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கும். யாவற்றிலும் அஞ்சத்தக்கது நீர். கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவர் என்ற நம் பெருமை அங்குச் செல்லாது. 15 பாகைக்குக் கீழ்ப்பட்ட நீரைக் குளிர்நீர் என்பர். மிகக் குளிர்ந்த நீரில் வீழ்வோரைப்பற்றி அங்கு 'ஒன்று, பத்து, ஒன்று' எனக் கற்பிக்கின்றனர். முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், அதனை அடக்கவேண்டும். பத்து நிமிடம்வரை கைகால்கள் சொற்கேட்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடற்சூடு இறங்கி நினைவு தப்பும்.

ஆசிரியராகிய எமக்கு இக்கணக்கு வெறுங்கணக்கன்று. 1978ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள் ஒரு பாடசாலையின் மாணவர் 27 பேரும் பொறுப்பாளர் நால்வரும் நான்கு வள்ளங்களில், ஒன்ராறியோ, கியூபெக் எல்லையிலுள்ள ரிமிஸ்கமிங் ஏரியில் நெடும்பயணம் தொடங்கினர். காற்றெழுந்தது. ஒன்று கவிழ, உதவச் சென்றவையும் கவிழ்ந்தன. முதல் நாளிலேயே மாணவர் 12 பேரும் பொறுப்பாளர் ஒருவரும் மாண்டனர். அனைவரும் மிதவைச் சட்டை அணிந்திருந்தனர் என்பதே நெஞ்சை அறுப்பது. சட்டை மிதக்கவைக்கும், சூடு தராது.

இதனை வாசித்த அன்றிரவே வீட்டிற் பெரும் விவாதம். ஓப்பியோங்கோவுக்குத் தென்கை, கீழ்க்கை, வடகை என மூன்று கைகள் உண்டு. "மாமா, வடகை மட்டும் போவம், அங்கைதான் ஆக்கள் குறைவு," என்றான் மருமகன். வள்ளம் விடத் தேர்ந்தவன் அவன். ஆயினும் எண்மரில் அவ்வாறு தேர்ந்தோர் இருவரே. மூன்று வள்ளத்திற்கு இரு வல்லுநர் என்றால், எப்போதும் ஒரு வள்ளம் கற்றுக்குட்டிகளின் கையிலன்றோ இருக்கும்! தென்கையின் அகன்ற வெளியில் மேல்காற்று எழுந்தால் அலை விரைவிற் பெருகும். நம்மூர்க் கடலோடிகள் சோளகம், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதன் முகம் பார்த்தே தோணி இறக்குவர். அவர்களை எடுத்துக்காட்டியபின் அவன் இணங்கினான். தென்கையிலேயே தங்குவது; கரையை விட்டு விலகாமற் செல்வது; காற்றடங்கிய காலைப்பொழுதில் துடுப்பிட்டு நண்பகலுக்குமுன் கரையேறுவது என முடிவாயிற்று. மிதவைச் சட்டை, ஊதுகுழல், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, நீரிறைக்கும் ஏனம் ஆகியவை சட்டப்படி வேண்டியவை. சட்டம் சட்டையை வள்ளத்தில் வைத்திருந்தாற் போதும் என்கின்றது. நாம் அதனை அணிந்தே ஏறுவோம்.

உடையில் வேடிக்கையான ஒரு செய்தி. "மாமா, பருத்திச் சறம் ஒண்டும் கொண்டு வராதேங்கோ," என்பது முதற் கட்டளை. நம் நாட்டில் உடலைக் குளிர்விக்கும் பருத்தி அங்கும் அதனையே செய்யும். நனைந்தால் எளிதில் உலராது உடற்சூட்டைக் கவரும். கம்பளியே துணை.

உணவைத் தமக்கையார் பொறுப்பேற்றார். தகரப்பேணியும் போத்தலும் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லல் ஆகாது. பருத்தித்துறை வடை, பயற்றம் உருண்டை, வறுத்த மா, அரிசி, பருப்பு எனப் பட்டியல் வளர்ந்தது. தாளிதம் மட்டும் கூடாதென்றோம். கரடிக்கு மூக்குக் கூர்மை. 1991 ஒக்ரோபரில் இவ்வேரியின் தீவொன்றிலேயே கரடியால் இருவர் இறந்தனர். அத்தகைய நிகழ்ச்சி மிக அரிது; எனினும் உணவுப் பையைக் கூடாரத்தில் வையாது, ஏறக்குறைய 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்தினின்று விலக்கிக் கிளையிற் கட்டித் தொங்கவிடுவது முறை.

இன்னும் ஒன்று எஞ்சியது. நால்வர் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டியவர். ஞாயிறு காற்றெழுந்தால் என் செய்வது? வேலைக்கு அஞ்சி நீரில் இறங்குவோரே பெரும்பாலும் இடருறுவர். ஆகவே நால்வரும் திங்கட்கும் விடுப்புக் கேட்டு எழுதியுள்ளனர். மூவருக்குக் கிடைத்துவிட்டது, நான்காமவருக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. அது வந்தபின்பே வள்ளத்துக்கு முற்பணம் கட்டுவதென இருக்கின்றோம். செல்லும் வழியையும் தங்கும் கரையையும் குறித்த தாளொன்று தமக்கையார் வீட்டுச் சுவரில் இப்பொழுதே தொங்குகின்றது. செவ்வாய் நண்பகலுக்குள் குரல் கேளாவிடிற் பூங்காக் காவலருக்கு அறிவிக்கவேண்டும் என்று அதன் அடியிற் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கின்றோம்.